துணைக்கு வந்தவர்கள்

முகத்துக்குப் போடும் பவுடர் வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒன்றாகக் கலந்து எங்கேயாவது மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றுதான் தோன்றும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேட்டில் இருந்த எங்கள் குப்பத்தின் படகுத் துறையில், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், கழுத்துவரை பவுடர் அப்பிக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சட்டையோடு, தலையில் எண்ணெய் வழிய ஓர் ஆண்பிள்ளை நின்றுகொண்டிருப்பார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எனக்குத் துணையாகப் பொன்னேரிக்கு வருகிறவர். நேற்று வந்தவர் வேறு, நாளைக்கு வரப்போகிறவர் வேறு. இன்றைக்கு இவர்.

பத்தாவது வரைக்கும் பிரச்சினை இல்லை. படகில் ஏரியைத் தாண்டினால் பழவேற்காடு, அங்கே பள்ளிக்கூடம், மாலையில் திரும்பப் படகு. எங்கள் குப்பத்துப் பெண்பிள்ளைகள் அதுவரைக்கும் போவார்கள், அதற்குள் யாராவது பெண் கேட்டு வந்துவிடுவார்கள், அத்தோடு கணக்குப் பாடமும் வரலாறும் முடிந்துவிடும். என் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, பத்தாவதில் எனக்கு நல்ல மார்க் வந்து தொலைத்தது. நான் படிக்க ஆசைப்பட்ட அறிவியல் பிரிவு பொன்னேரியில் இருந்த பெண்கள் பள்ளியில்தான் இருந்தது. பொன்னேரிக்குப் படகோடு பஸ்ஸும் ஏற வேண்டும். குப்பத்திலிருந்து அப்படி பஸ் ஏறிப் படிக்கப் போன பெண்பிள்ளை அதுவரை ஒருத்தியும் கிடையாது.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைத் திட்டுவதற்கு ஒரு வார்த்தை எப்போதும் கைவசம் இருக்கும்: "இன்னா, றெக்கை மொளச்சிடுச்சா?" படகில் சத்தமாகச் சிரித்தால் றெக்கை. ரேடியோவில் நாமாகவே ஸ்டேஷனைத் திருப்பினால் றெக்கை. இரட்டைப் பின்னலை ஒற்றையாக்கினால் கேட்கவே வேண்டாம், பெரிய றெக்கை. ஏரியில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் நாரைகள் வந்து இறங்கும், அவற்றின் றெக்கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் முதுகைத்தான் எல்லோரும் உற்று உற்றுப் பார்த்தார்கள்.

ஆகவே என் ப்ளஸ் ஒன் விவகாரம் கிராமத்தார் முன்னால் போனது. மீன் ஏலம் விடுகிற கொட்டகையில், ஏலம் முடிந்து தரை கழுவிய ஈரம் காயாத நேரத்தில் கூட்டம் போட்டார்கள். என் நைனாவின் அண்ணன் எத்திராஜ் பெரியப்பாதான் ஊரில் முன்னால் பேசுகிறவர். மீசையும் குரலும் அவ்வளவு பெரிசு. அவர் எழுந்தார்.

"பொட்டப்புள்ள தனியா பஸ் ஏறிப் போச்சுன்னா நாளைக்கி நம்ம ஊர்ல எவனாச்சும் பொண்ணு எடுப்பானா? போற வழியில ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

என் அம்மா மீன் விற்கிறவள். தினமும் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவள். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது: "நான் டெய்லி போயி வர்லியா? என்னை இன்னா தூக்கினா பூட்டாங்க?"

"நீ கூடையோட போற. அது சும்மா போவுது" என்றார் பெரியப்பா.

கூட்டம் மொத்தமும் தலையை ஆட்டியது. அந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தலையில் மீன்கூடை இருந்தால் ஒருத்திக்கு எந்த ஆபத்தும் வராது, தோளில் புத்தகப்பை இருந்தால் வந்துவிடும் போலிருக்கிறது. அம்மாவோடு சேர்ந்தே போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஏலம் முடிந்து, மீனை எடுத்து, மீன்கூடை ஏற்றுகிற வேனைப் பிடித்து அவள் பொன்னேரி போய்ச் சேருகிற நேரத்தில் பள்ளியில் இரண்டு பாடவேளை முடிந்திருக்கும்.

நைனா அதுவரை வாயே திறக்கவில்லை. அண்ணன் பேசும்போது எதிர்த்துப் பேசிப் பழகாத மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஒண்ணு பண்ணலாம். பாடு போட்டுக்கலாம்."

இந்த இடத்தில் ‘பாடு’ என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் நிறையக் கிடைக்கிற இடங்கள் தனியாக ஒருவருக்குச் சொந்தம் கிடையாது. இன்றைக்கு இந்த வீட்டுக்காரர் அங்கே வலை வைக்கலாம், நாளைக்கு அந்த வீட்டுக்காரர் என்று முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். பாட்டை மீறினவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதனாலேயே எங்கள் ஆட்களுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் கடைசியில் பாடு போட்டுத்தான் தீர்ப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு விறகு பிளக்கப் பாடு, தண்ணீர் லாரி வந்தால் வரிசையை ஒழுங்கு பண்ணப் பாடு. பாடு என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதற்கு மேல் எதிர்ப்பேச்சு கிடையாது.

பெரியப்பாவும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில், வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை, நாளுக்கு ஒருவராக என்னோடு பொன்னேரிக்கு வந்து, பள்ளி விடும்வரை காத்திருந்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என்று முடிவானது. பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "நடுவுல ஒரு சின்ன பேஜாரு வந்தாலும் சரி, அன்னியோட இஸ்கூலு கட்டு. அப்பால யாரும் என்னாண்ட வந்து நிக்கக்கூடாது." அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சரி என்றாள். அன்றிலிருந்து என் படிப்பு, யாரோ ஒருவர் ஒருநாள் ஏதோ ஒரு தப்புப் பண்ணினால் முடிந்துபோகிற படிப்பாகிவிட்டது.

முதல் பாடு என் தாய்மாமன் தேசிங்கு மாமாவுக்கு. கடலில் இரவு முழுக்க ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் வலையிழுக்கிற மனிதர், பஸ்ஸில் உட்கார்ந்ததும் டிக்கெட் வாங்கின கையோடு தூங்கிவிட்டார். அவர் தலை என் தோளில் விழாமல் நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தேன். பொன்னேரி வந்ததும் எழுப்பிப் பார்த்து முடியாமல், கண்டக்டர் ஒரு கையும் நான் ஒரு கையுமாக இழுத்து இறக்கினோம். இறங்கினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உஷாரா இருக்கணும் கஸ்தூரி, டவுனு இது" என்றார்.

அடுத்தடுத்து வந்தவர்களும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஒருவர் என்னைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நேரே சினிமா கொட்டகைக்குப் போவார். மாலையில் அழுது சிவந்த கண்ணோடு வந்து, ஊர் வந்து சேரும்வரை கதை சொல்வார். அந்தக் காலத்துப் படங்களில் பாதிக்கு மேல் நான் பார்க்காமலே எனக்குக் கதை தெரியும், முடிவு உட்பட. இன்னொருவர் மகா கெடுபிடி. பள்ளிக்கு எதிரிலிருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வாசலுக்கு வருகிற எந்த ஆண்பிள்ளையையும் விடமாட்டார். ஒருநாள் தபால்காரரை மறித்து, "பொண்ணுங்க இஸ்கூல்ல உனக்கு இன்னா வேலை?" என்று கேட்டு, சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பெரிய டீச்சரே வெளியே ஓடிவரும்படி ஆகிவிட்டது. பள்ளிக்கு வந்த தபால் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உள்ளே போனது.

வகுப்பில் என் மானம் போனது. முதல் வாரம் தோழிகள் மரியாதையாக, "அது உங்க அப்பாவா?" என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம், "உனக்கு எத்தனை அப்பாடி?" என்று கேட்டார்கள். அப்புறம் அவர்களே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இன்றைக்கு வந்திருப்பவருக்கு மீசை உண்டு, நேற்றையவருக்கு இல்லை என்று எனக்குச் சேதி சொல்ல ஆரம்பித்தார்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எனக்குத் துணைக்கு வருவது பெரிய தியாகம் என்று சலித்துக்கொண்டிருந்த ஊர், ஒரு மாதத்துக்குள் பொன்னேரிப் பாட்டுக்கு ஆலாய்ப் பறக்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் கடல் வேலையிலிருந்து விடுப்பு, நல்ல சட்டை, ஓட்டல் பூரி, நிழலில் ஒரு தூக்கம், கேள்வி கேட்டால் ஊர்க் காரியம் என்று பதில். பெண்சாதிகூட எதிர்த்துப் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் பாடு விழுந்தவர்கள் தங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டதாகக் கிராமத்தாரிடம் முறையிட்டார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி, தங்கள் வீட்டுப் பாட்டுக்கு யார் போவது என்று படகுத் துறையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இறால் பாட்டுக்குக்கூட அவ்வளவு சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பாடு வந்தவர் பவுடரும் சட்டையுமாக வாசலில் வந்து நிற்கிறார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணியும் இல்ல, லேசாத்தான் சுடுது. எழுந்திரு கண்ணு, காத்துப் பட்டா செரியாப் பூடும்" என்று கெஞ்சினார். அம்மா துரத்திவிட்டாள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. படகேறினார், பஸ்ஸேறினார், பொன்னேரிக்குப் போய்ப் பள்ளி விடும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பி வந்தார். கேட்டதற்கு, பாட்டை விட்டுக் கொடுத்தால் உரிமை போய்விடும் என்றார்.

சிரிக்கிறேன், ஆனால் அப்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பதினாறு வயசுப் பெண்ணான எனக்கு, வெளியூரில் ஒரு வார்த்தை சொந்தமாகப் பேச வாய்க்கவில்லை. கண்டக்டர் கேட்டால் துணைக்கு வந்தவர், "ரெண்டு பொன்னேரி" என்பார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "சமோசா வேணுமா பாப்பா?" என்று கேட்டால், பக்கத்திலிருந்து, "அது அதெல்லாம் துன்னாது" என்று பதில் வரும். நான் தின்பேன். எனக்கு அந்த சமோசா வேண்டியிருந்தது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து அதை அள்ளிப் போடும் சத்தம் பஸ் ஏறின பிறகும் காதில் கேட்டுக்கொண்டே வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கில டீச்சர் கரும்பலகையில் ஓர் ஆங்கில மரபுத்தொடரை எழுதிப்போட்டார். சிறகை விரி என்று அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள். இதை விளக்கி ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றார். மற்றவர்கள் கலெக்டர் ஆவதைப் பற்றியும் விமானம் ஓட்டுவதைப் பற்றியும் எழுதினார்கள். நான், ‘ஒரு பெண் சிறகை விரித்தால் ஊரார் கூடி ஒடித்துவிடுவார்கள்’ என்று எழுதி நீட்டினேன். டீச்சர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெள்ளைக்காரர்கள் அதை நல்ல அர்த்தத்தில் சொல்கிறார்கள், சுயமாகக் கிளம்பிப் புதுசு புதுசாகச் செய்து பார்ப்பதைப் பாராட்டிச் சொல்வது என்று விளக்கினார். றெக்கைக்குப் பாராட்டு கிடைக்கிற ஊர்கூட உலகத்தில் இருக்கிறதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அன்றைய துணை வேப்பமரத்தடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அடித்துக்கொண்ட இந்தப் பாட்டை ஒரே ஒருவர் மட்டும் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். அவர் எத்திராஜ் பெரியப்பா. தன் முறை வரும்போதெல்லாம் வேறு யாருக்காவது பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்துவிடுவார். பனிமூட்டத்தில் எதிரில் இருப்பவன் முகம் தெரியாத நாளிலும், அலைச் சத்தத்தை வைத்தே முகத்துவாரத்தைக் கண்டுபிடித்துப் படகை ஏரிக்குள் கொண்டுவருகிறவர் அவர். அப்படிப்பட்ட மனிதருக்குப் பொன்னேரி எல்லாம் ஒரு பொருட்டா என்றுதான் ஊர் நினைத்தது. காலாண்டுத் தேர்வு நேரத்தில் கடலில் மீன் அள்ளிக்கொண்டு கிடைத்தது. ஒருவரும் கரையில் நிற்கத் தயாராயில்லை. வேறு வழியில்லாமல் பெரியப்பா வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக வந்து படகில் உட்கார்ந்தார்.

"எனக்கு முன்னால நட. அங்க இங்க பாக்காத. யாராச்சும் கூப்ட்டா திரும்பாத" என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். பொன்னேரியில் ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "பயப்படாத, நான் இருக்கேன்" என்றார். நான் பயப்படவேயில்லை. அவர் உள்ளங்கைதான் ஈரமாக இருந்தது.

அன்றைக்கு மதியத்தோடு தேர்வு முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடி காலி. நான் விழிப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் தானாகவே கூப்பிட்டார். "பெரியவரா? ரயிலு எப்டி இருக்கும்னு கேட்டாரு. பக்கத்துலதான் ஸ்டேஷன்னேன். பாத்துட்டு வந்துடறேன்னு போனாரு" என்றார்.

காத்திருந்தேன். தோழிகளெல்லாம் போய்விட்டார்கள். வாசலைப் பூட்டிவிட்டார்கள். பெரியப்பா வரவில்லை. பஸ் பிடித்து நான் தனியாக ஊருக்குப் போனால், தனியாக வந்ததற்காக என் படிப்பு நின்றுவிடும். இங்கேயே நின்றால், இருட்டியும் வரவில்லை என்று நின்றுவிடும். பெரியப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் படிப்பைப் பற்றி எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வெளிச்சத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தால் மட்டும்தான் எனக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரியாத ஒருவரிடம் என் சொந்த வாயால், "ஸ்டேஷனுக்கு எப்டிப் போவணும்?" என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு வழியைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். எனக்குத்தான் அது பெரிய சங்கதி.

ஸ்டேஷனில் வேர்க்கடலை விற்கிற அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அடையாளம் சொன்னதும் சிரித்துவிட்டாள். "வெள்ள வேட்டி, இம்மாம் பெரிய மீசையா? எக்ஸ்பிரஸுக்கு வழி உட்டு நின்னுச்சே லோக்கலு, அதுல ஏறி ஃபேனுக்கு அடியில ஷோக்கா குந்திக்கினாரு. வண்டி கெளம்பிச்சு, எறங்குன்னு கத்தறேன், கையக் காட்டிட்டுப் பூட்டாரும்மா. கும்மிடிப்பூண்டி வண்டி அது."

"திரும்பி வருமா?"

"வண்டி வரும். ஆளு வருவாரான்னு கேக்காத."

எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடி அங்கே நின்றேன். வருகிற வண்டி பெரியப்பா இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி வந்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நடுப்பெட்டி ஒன்றில் காற்றில் மீசை பறக்க, கோயில் தர்மகர்த்தா மாதிரி உட்கார்ந்திருந்தார் எங்கள் பெரியப்பா.

"பெரிப்பா! எறங்கு!"

என்னைப் பார்த்தார். சந்தோஷமாகக் கையை அசைத்தார். எழுந்திருக்கவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது. நான் யோசிக்கவில்லை. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு தாவி ஏறிவிட்டேன். ரயிலில் என் கால் பட்டது அன்றைக்குத்தான்.

"நீ இன்னாத்துக்கு ஏறினே?" என்று அவர் என்னையே அதட்டினார். "நான்தான் திரும்பி வந்துக்கினே இருக்கேனே! இந்தக் கரைலேர்ந்து அந்தக் கரைக்குப் போவுது, இப்ப மறுக்கா இந்தக் கரைக்கு வருது. கரை வந்தா எறங்கப் போறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரியப்பாவுக்குத் தெரிந்த வண்டி எங்கள் படகுதான். இந்தத் துறையில் கிளம்பினால் அந்தத் துறை, அங்கிருந்து திரும்பினால் ஏறின இடம், நடுவில் நிற்கிற பேச்சே கிடையாது. கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் இறங்கியும் இவர் அசையவில்லை. திரும்பி வந்து பொன்னேரியில் வண்டி வேறு பிளாட்பாரத்தில் நின்றதும் ஏதோ நடுவழி என்று நினைத்து உட்கார்ந்தே இருந்துவிட்டார்.

"பெரிப்பா, பொன்னேரி தாண்டியாச்சு. இது மெட்ராஸுக்குப் போவுது."

அவர் வெளியே பார்த்தார். வயலும் வரப்பும் ஓடிக்கொண்டிருந்தன. மெல்ல என் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டார். என் பெரியப்பாவை அப்படிப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மீஞ்சூரில் இறக்கினேன். இறங்கினதும் மடியிலிருந்து காசை எடுத்து, பிளாட்பாரம் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினார். படகில் இறங்கும்போதுதானே காசு கொடுப்போம். அந்த மனிதர் மிரண்டுபோய் வாங்க மறுக்க, இவர் கோபித்துக்கொள்ள, நான் நடுவில் புகுந்து இழுத்துக்கொண்டு போனேன். மேம்பாலத்தில் ஏறி மறுபக்கம் போக வேண்டும். பாதிப் பாலத்தில் நாங்கள் இருக்கும்போது அடியில் ஒரு வண்டி தடதடவென்று போனது. ஆளுயர அலைக்கு முன்னால் அசையாமல் நிற்கிற மனிதர், கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வண்டி முழுசாகப் போகும்வரை நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கவுண்டரில் நான்தான் கேட்டேன்: "பொன்னேரிக்கு ரெண்டு." உள்ளேயிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு டிக்கெட்டைத் தள்ளினார். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? படிப்பு போகப்போகிறது, ஊரில் என்ன நடக்குமோ தெரியாது, அப்படியும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பொன்னேரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பெரியப்பா கேட்டார்: "ஊர்ல இன்னா சொல்லப் போற?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நீ இன்னா சொல்லப் போற பெரிப்பா? சின்னப் பேஜாரு வந்தாலும் இஸ்கூலு கட்டுன்னு நீதானே சொன்ன? என் இஸ்கூலு நிக்குமா நிக்காதா, அத சொல்லு மொதல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழவேற்காட்டில் படகில் ஏறினோம். படகுக்காரர் கையிலிருந்த கோலை வாங்கித் தானே ஊன்றித் தள்ள ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அக்கரையில் பொழுது சாய்கிற வெளிச்சத்தில் பாதி ஊர் நின்றிருந்தது. அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு? ஏன் இவ்ளோ நேரம்?" என்று நாலா பக்கமும் கேள்வி. பெரியப்பா கரையில் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ரயிலைக் காட்டக் கூட்டிப் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அவர் தன்னுடைய ஏலக் கொட்டகைக் குரலில் சொன்னார்: "நான் தொலஞ்சு பூட்டேன். இதுதான் தேடி இட்டுக்கினு வந்துச்சு."

என்னைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"நாளைலேர்ந்து பாடு கெடையாது. அது தனியாவே போயி வரட்டும்."

அம்மா தண்ணீரிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். ஆனால் எங்கள் அழுகையை அமுக்கிக்கொண்டு வேறு ஒரு கூச்சல் கிளம்பியது. பெண்பிள்ளை தனியாகப் போவதா என்ற கூச்சலாக இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

"அது எப்டி நிறுத்தறது?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் தேசிங்கு மாமா. "நாளைக்கி என் பாடு! சட்டைய தொவச்சு வெச்சுக்கீறேன்!"

"போன தபா எனக்கு ஞாயித்துக்கெழமைல வந்துச்சு, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஆள் நியாயம் கேட்டார்கள். என் மானம், ஊர் மானம் எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

"யோவ், பொன்னேரிக்குப் போவணும்னா நீயே போயேன். நடுவுல அத ஏன்யா இழுக்கற?" என்றார் பெரியப்பா.

தேசிங்கு மாமா திகைத்துப்போனார். "தனியாவா?" என்றார். "தனியா எப்டிப் போறது?"

முதலில் சிரித்தது என் நைனா. அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் கரை மொத்தமும் சிரித்தது, தேசிங்கு மாமாவும் சேர்ந்து.

மறுநாள் காலை படகுத் துறையில் யாரும் நிற்கவில்லை. படகில் ஏறினேன். பழவேற்காட்டில் இறங்கி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. இத்தனை மாதம் இதற்காகவே ஏங்கியிருந்தும், யாராவது பின்னாலேயே வந்திருக்கிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்தார். வழக்கம்போல் என்னைத் தாண்டிப் பக்கத்து இடத்தைப் பார்த்தார், அங்கே யாரும் இல்லாததால் கொஞ்சம் குழம்பினார். "ஒண்ணு பொன்னேரி" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னபோது தேவைக்கு மேலேயே எழும்பி, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்று மாலை சமோசாவும் தின்றேன். அதில் உப்பு ஜாஸ்தி.

இதெல்லாம் நடந்து வெகு காலமாகிவிட்டது. நான் படித்து முடித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரிக்குக் குறுக்கே பாலம் வந்து, படகுத் துறையில் கூட்டம் கிடையாது. இறால் பாடு இருக்கிறது, பொன்னேரிப் பாடு என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் சின்னவர்கள் நான் கதை கட்டுகிறேன் என்கிறார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். திரும்புகிற நாளில் பழவேற்காட்டு பஸ் நிறுத்தத்தில் தேசிங்கு மாமாவின் பேத்தி பெரிய பையோடு நின்றிருந்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, இன்றைக்கே கிளம்புகிறேன் என்றாள். கோயம்புத்தூரில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்றால் இல்லை. இதற்கு முன்னால் போயிருக்கிறாயா என்றால் அதுவும் இல்லை.

"துணைக்கு யாரு வர்றாங்க?" என்று என் வாயில் வந்துவிட்டது.

"எதுக்கு அத்தை?" என்றாள்.

கிண்டலும் இல்லை, வீறாப்பும் இல்லை. நான் கேட்டதன் அர்த்தம் அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, நான் ஏதோ முக்கியமான விஷயம் சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதுக்கு என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு ஊரே கூடி உட்கார்ந்து முடிவெடுத்த அந்தக் காரியத்துக்கு அவளிடம் சொல்லும்படியாக ஒரே ஒரு காரணம்கூட எனக்கு அகப்படவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.